கணினி வழி ஃபேக்ஸ்: பாதியில் நின்றுபோவது ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்மாமில் வேலை பார்த்து வந்த எங்கள் தெருக்காரர் ஒருவர் வஃபாத்தாகி மூன்றாவது நாள். அங்கேயே நல்லடக்கம் செய்ய வீட்டார் சம்மதித்துவிட்டார்கள். வாரிசுகள் கையெழுத்திட்டு, முதல் நாள் மாலையே நோட்டரி முத்திரையும் வாங்கிய இரண்டு பக்கக் கடிதத்தை ஃபேக்ஸில் அனுப்பினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். சவூதியில் ஞாயிறு வேலை நாள். நம் ஊரில் அன்று ஜெராக்ஸ் கடை, ஃபேக்ஸ் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. மய்யித்தின் தம்பி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "காக்கா, உங்க கம்ப்யூட்டர்ல ஃபேக்ஸ் போகும்தானே?" என்று கேட்டார்.

போகும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். முதல் முறை அனுப்பியபோது 'டிரான்ஸ்மிஷன் எரர்' என்று வந்தது. இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறை 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்று திரையில் பார்த்ததும் பெருமூச்சு விட்டோம். கால் மணி நேரத்தில் தம்மாமிலிருந்து போன். முதல் பக்கம் சரியாக இருக்கிறதாம். இரண்டாம் பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்புக் கோடுகளாம். கையெழுத்தும் முத்திரையும் இருந்ததே அந்தக் கீழ்ப்பாதியில்தான்.

அன்று ஒன்றரை மணி நேரம் தடுமாறிக் கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு பல வீடுகளில் இதே சிக்கலைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம். மின்னஞ்சல் வந்துவிட்ட காலத்தில் ஃபேக்ஸ் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேட்பவர் ஃபேக்ஸ்தான் வேண்டும் என்றால் நாம் அனுப்பித்தான் ஆகவேண்டும். கஃபீலின் அலுவலகமோ மருத்துவமனையோ நம் வசதிக்காகத் தங்கள் நடைமுறையை மாற்றிக்கொள்ளாது.

முதலில் ஓர் அடிப்படை. கணினியிலிருந்து போனாலும், இயந்திரத்திலிருந்து போனாலும் ஃபேக்ஸ் என்பது ஒரு தொலைபேசி அழைப்புதான். நாம் பேசுவதற்குப் பதிலாக இரண்டு மோடம்கள் ஒலியால் பேசிக்கொள்கின்றன. எனவே வீட்டில் இருக்கும் பிராட்பேண்ட் மோடத்தைக் கொண்டு ஃபேக்ஸ் அனுப்ப முடியாது. இணைய டேட்டா கார்டாலும் முடியாது. கணினிக்குள்ளோ வெளியிலோ பழைய டயல்-அப் வகை ஃபேக்ஸ் மோடம் ஒன்று இருக்கவேண்டும். லேப்டாப்பில் இரண்டு துளைகள் இருந்தால் சிறியதுதான் தொலைபேசி வயருக்கானது, பெரியது நெட்வொர்க் கேபிளுக்கானது. பெரிய துளையில் தொலைபேசி வயரைச் செருகிவிட்டு 'டயல் டோன் இல்லை' என்று மணிக்கணக்கில் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறோம்.

மோடம் வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. விண்டோஸில் கண்ட்ரோல் பேனலில் 'போன் அண்ட் மோடம்' பகுதிக்குப் போய், மோடத்தைத் தேர்ந்தெடுத்து, 'டயக்னாஸ்டிக்ஸ்' என்பதில் 'குவெரி மோடம்' பொத்தானை அழுத்துங்கள். பதில் வரிகள் வந்தால் கணினிக்கும் மோடத்துக்கும் இடையே தகராறு இல்லை. பதில் வராவிட்டால் டிரைவர் சரியில்லை, அல்லது வேறொரு மென்பொருள் மோடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் மோடத்தைப் பயன்படுத்த முடியும். பழைய ஃபேக்ஸ் மென்பொருள் ஒன்று பின்னணியில் ஃபேக்ஸ் வருமா என்று காத்துக்கொண்டிருந்தால், புதியது 'சாதனம் வேலையில் இருக்கிறது' என்று சொல்லிவிடும். எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அதில் ஃபேக்ஸ் வசதி தானாக நிறுவப்பட்டிருக்காது, 'விண்டோஸ் காம்பொனென்ட்ஸ்' பகுதியில் போய்ச் சேர்க்கவேண்டும்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

'டிரான்ஸ்மிஷன் எரர்' என்று மென்பொருள் சொல்வது, வீட்டுக்கு வந்த டாக்டர் "உடம்பு சரியில்லை" என்று சொல்வது மாதிரி. அழைப்பு எந்தக் கட்டத்தில் முறிந்தது என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும். அதற்குக் கண்ணைவிடக் காதுதான் உதவும். மோடம் அமைப்பில் ஒலிபெருக்கியின் ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு அனுப்பிப் பாருங்கள்.

முதலில் டயல் டோன், பிறகு எண்கள் சுழலும் ஒலி, பிறகு மறுமுனையில் மணி. இதற்கிடையே நம் மோடம் அரை விநாடி 'பீப்' ஒலியை எழுப்பி, மூன்று விநாடி மௌனமாக இருந்து, மீண்டும் எழுப்பும். 'நான் ஃபேக்ஸ், மனிதன் அல்ல' என்பதுதான் அதன் பொருள். மறுமுனை இயந்திரம் எடுத்ததும் இரண்டரை முதல் நான்கு விநாடி நீளும் ஒரே சீரான கூர்மையான ஒலி கேட்கும். பிறகு இரண்டும் மெதுவான 300 பிட் வேகத்தில் தங்கள் திறமைகளைச் சொல்லிக்கொள்ளும்: எனக்கு இந்த வேகம் முடியும், இந்தத் தாள் அளவு முடியும், பிழை திருத்தம் முடியும் என்று. அதன்பின் ஒன்றரை விநாடிக்கு ஒரு வேகப் பரிசோதனை. அதில் தேறினால் பக்கம் போகும்; பக்கத்தின் முடிவில் 'கிடைத்தது' என்ற ஒப்புதல் வரும்; எல்லாப் பக்கமும் முடிந்ததும் இணைப்பு துண்டிக்கப்படும்.

டயல் டோன் காதில் கேட்கிறது, ஆனால் மென்பொருள் மட்டும் 'டயல் டோன் இல்லை' என்கிறதா? சில இணைப்புகளில் டயல் டோன் விட்டுவிட்டு வரும். மோடம் அதை டயல் டோனாக ஏற்றுக்கொள்ளாது. மோடத்தின் பண்புகளில் 'வெயிட் ஃபார் டயல் டோன் பிஃபோர் டயலிங்' என்ற இடத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

மணி போகிறது, எடுக்கிறார்கள், ஆனால் கூர்மையான ஒலி வரவில்லை என்றால் குற்றம் நம் பக்கம் இல்லை. வளைகுடா அலுவலகங்கள் பலவற்றில் பேசுவதற்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே எண். யாரோ எடுத்து "ஹலோ" என்பார், நம் மோடத்தின் பீப்பைக் கேட்டு அவர் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தவேண்டும்; அழுத்தாமல் வைத்துவிட்டால் நமக்கு 'பதில் இல்லை' என்று வரும். முன்கூட்டியே போன் செய்து, "இப்போது ஃபேக்ஸ் வருகிறது" என்று சொல்லிவிடுவதே நல்லது. தானியங்கிக் குரல் எடுத்து 'ஃபேக்ஸுக்கு இந்த எண்ணை அழுத்தவும்' என்று சொல்லும் இடங்களில், எண்ணுக்குப் பின்னால் நான்கைந்து காற்புள்ளிகள் போட்டு அந்த எண்ணைச் சேருங்கள். ஒரு காற்புள்ளிக்கு மோடம் வழக்கமாக இரண்டு விநாடி காத்திருக்கும்.

நேரத்தையும் பாருங்கள். சவூதி நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நாம் காலை ஒன்பதுக்கு அனுப்பினால் அங்கே ஆறரை மணி. இயந்திரம் அணைந்து கிடக்கும். வெள்ளிக்கிழமை அனுப்பிவிட்டு மென்பொருளைத் திட்டிப் பயனில்லை.

எண் தவறாகப் போவதும் உண்டு. கணினியில் ஊர், நாடு விவரங்களைக் கொடுத்திருந்தால் மென்பொருள் தானாகவே முன்னால் பூஜ்யம் சேர்த்துவிடும். வெளிநாட்டு எண்ணில் நாட்டுக் குறியீட்டுக்கு முன் இரண்டு பூஜ்யம் வேண்டும். அந்த நாட்டின் ஊர்க் குறியீட்டுக்கு முன்னுள்ள பூஜ்யத்தை விட்டுவிடவேண்டும். நம் இணைப்பில் ஐ.எஸ்.டி. வசதி பூட்டப்பட்டிருந்தால் மறுமுனையில் அறிவிப்புக் குரல்தான் வரும். மோடத்துக்கு அந்தக் குரல் புரியாது, ஒரு நிமிடம் போலக் காத்திருந்துவிட்டு பிழை என்று சொல்லும். ஒரு சாதாரண போனைச் செருகி அதே எண்ணைக் கையால் அழுத்திக் கேட்டால் இதில் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

பேச்சு தொடங்கிய பின் முறிந்தால்

இதுதான் சிக்கலான பகுதி. எங்களுக்கு அன்று நேர்ந்ததும் இதுதான். இரண்டு மோடமும் சலாம் சொல்லி, கைகுலுக்கி, பக்கமும் போகத் தொடங்கிய பிறகு நடுவில் அறுந்துவிடுகிறது, அல்லது கோடு கோடாகப் போய்ச் சேருகிறது.

இந்தக் கட்டத்தில் முதல் சந்தேகம் வயர்மீது விழவேண்டும். எங்கள் வீட்டில் ஒரே தொலைபேசி இணைப்பு. கீழே ஒரு போன், மாடியில் இணையாக இன்னொன்று, அதே வயரில் பிராட்பேண்ட். பிராட்பேண்ட் வைத்துத் தந்தபோது ஸ்ப்ளிட்டர் என்று ஒரு சிறு பெட்டியைக் கொடுத்திருந்தார்கள். பேச்சொலியையும் இணையச் சைகையையும் பிரிப்பது அதன் வேலை. கீழே உள்ள போனுக்கு அதை மாட்டியிருந்தோம். மாடிப் போனுக்கும் கணினி மோடத்துக்கும் மாட்டவே இல்லை. நாம் பேசும்போது லேசான இரைச்சல் இருந்தாலும் காது பொறுத்துக்கொள்ளும். மோடம் அப்படிப் பொறுக்காது. போதாக்குறைக்கு, இரண்டாம் முறை அனுப்பிக்கொண்டிருந்தபோது மாடியில் உம்மா போனை எடுத்து யாருக்கோ பேச முயன்றிருக்கிறார். அந்த ஒரு 'கடக்' போதும், பக்கம் போயிற்று.

கால் வெயிட்டிங் வசதியும் இதே வேலையைச் செய்யும். ஃபேக்ஸ் போய்க்கொண்டிருக்கும்போது வேறு அழைப்பு வந்தால் எக்ஸ்சேஞ்ச் ஒரு 'பீப்' கொடுக்கும். மோடம் அதைத் தரவு என்று நினைத்துக் குழம்பும். மய்யித் வீட்டாரிடமிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு போன் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஃபேக்ஸ் அனுப்பும் இணைப்பில் இந்த வசதியை நிறுத்தி வைப்பதே நல்லது.

அடுத்தது வேகம். சாதாரண ஃபேக்ஸ் மோடம் 14,400 பிட் வேகத்தில் தொடங்கும். பரிசோதனையில் தேறாவிட்டால் 12,000, 9,600, 7,200 என்று தானாகவே இறங்கி 4,800, 2,400 வரை போகும். தானாக இறங்கும்போது நாம் ஏன் கைவைக்கவேண்டும்? முன்பு சொன்ன ஒன்றரை விநாடியை நினைத்துப் பாருங்கள். அந்த ஒன்றரை விநாடியில் வயர் அமைதியாக இருந்தால் மோடம் அதிக வேகத்தை ஒப்புக்கொண்டுவிடும். பக்கம் போக ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடத்தில் இரைச்சல் வந்தால் நட்டம் நமக்கு. வெளிநாட்டு அழைப்பில் இது அடிக்கடி நடக்கும். மென்பொருள் அமைப்பில் அதிகபட்ச வேகம் என்ற இடத்தில் 9,600 என்று வைத்துவிடுங்கள். அப்போதும் முறிந்தால் 4,800. சில நிமிடங்கள் கூடுதலாக ஆகும், ஐ.எஸ்.டி. கட்டணமும் ஏறும். ஆனால் நான்கு முறை பாதியில் அறுந்த அழைப்புகளின் கட்டணத்தைவிட இது குறைவுதான்.

இனி அந்தக் கறுப்புக் கோடுகளுக்கு வருவோம். மென்பொருள் 'வெற்றி' என்று சொன்னது பொய்யா? இல்லை. பக்கம் முடிந்ததும் மறுமுனை இயந்திரம் 'கிடைத்தது' என்று ஒப்புதல் அனுப்பியது, இது அதை நம்பியது. பிழை திருத்த முறை இல்லாமல் போகும் பக்கத்தில் எத்தனை வரி கெட்டால் ஏற்கலாம், எத்தனை கெட்டால் திருப்பி அனுப்பச் சொல்லலாம் என்பது பெறும் இயந்திரத்தின் முடிவு. சில இயந்திரங்கள் தாராள மனதோடு எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். தாராளம் கூடாத இடம் இது.

பிழை திருத்த முறையைச் சுருக்கமாக இ.சி.எம். என்பார்கள். அதில் பக்கம் சிறு சிறு துண்டுகளாக, எண்ணிட்டு அனுப்பப்படும். ஒவ்வொரு துண்டிலும் சரிபார்ப்புக் கணக்கு ஒன்று இருக்கும். கெட்ட துண்டுகளை மட்டும் 'இதை மறுபடி அனுப்பு' என்று மறுமுனை கேட்கும். இதில் போய்ச் சேர்ந்த பக்கம் கோடு விழாமல் இருக்கும். அல்லது போகவில்லை என்று நமக்குத் தெரிந்துவிடும். இரண்டு முனையிலும் இந்த வசதி இருந்தால்தான் நடக்கும். இரைச்சல் மிகுந்தால் மறுபடி மறுபடி கேட்டு இறுதியில் அழைப்பே முறியலாம் என்பதால், சிலர் இ.சி.எம்.மை அணைத்துவிடச் சொல்வார்கள். கடையின் விலைப்பட்டியலுக்கு அது சரி. கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஆவணத்துக்கு நாங்கள் அதை ஒப்புக்கொள்ளமாட்டோம். இ.சி.எம். இருக்கட்டும், வேகத்தைக் குறையுங்கள்.

மலிவுக் கட்டண அழைப்பு அட்டைகள், இணையத் தொலைபேசிகள் வழியாக ஃபேக்ஸ் அனுப்ப முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவற்றில் பல, குரலைச் சுருக்கி அனுப்புகின்றன. சாதாரணத் தொலைபேசியில் 64,000 பிட்டில் போகும் ஒலியை 8,000 பிட்டுக்குள் அடக்குகிறார்கள். மனிதக் குரலின் தன்மையை வைத்துச் செய்யும் சுருக்கம் என்பதால் பேச்சு புரியும், மோடத்தின் ஒலியோ சிதைந்துவிடும். இணையவழி ஃபேக்ஸுக்கென்றே டி.38 என்ற தனி முறை இருக்கிறது. சேவை தருபவரும் கருவியும் அதை ஏற்றால் மட்டுமே நம்பலாம்.

கணினிக்குள்ளேயும் ஒரு பகைவன் உண்டு. உள்ளே பொருத்தும் மலிவு மோடம்களில் பெரும்பாலானவை தம் வேலையைக் கணினியின் பிராசசர் தலையில் கட்டிவிடுபவை. ஃபேக்ஸ் போய்க்கொண்டிருக்கும்போது வைரஸ் ஸ்கேன் ஓடினாலோ, பிள்ளைகள் வீடியோ பார்த்தாலோ மோடத்தின் ஒலி நொடிப்பொழுது தடுக்கும், அவ்வளவுதான். ஃபேக்ஸ் முடியும்வரை கணினியைத் தொடாதீர்கள். அது தானாக உறங்கப் போகும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள்.

ஆவணத்தைத் தயாரிப்பதில்

ஃபேக்ஸில் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். சாம்பல் நிறம் கிடையாது. கடிதத்தை வண்ணத்திலோ சாம்பல் நிறத்திலோ ஸ்கேன் செய்து அனுப்பினால், மென்பொருள் அந்த நிழலையெல்லாம் ஆயிரக்கணக்கான புள்ளிகளாக மாற்றும். வெள்ளை இடத்தை ஃபேக்ஸ் சில பிட்டுகளில் சொல்லி முடித்துவிடும். புள்ளிக் கூட்டத்தை அப்படிச் சுருக்க முடியாது. ஒரு நிமிடத்தில் போகவேண்டிய பக்கம் நான்கைந்து நிமிடம் இழுக்கும், அந்தளவுக்கு அறுந்துபோகும் வாய்ப்பும் கூடும். ஸ்கேனரில் கறுப்பு-வெள்ளை எழுத்து என்ற அமைப்பில், 200 புள்ளி அடர்த்தியில் எடுங்கள். ஃபேக்ஸின் 'ஃபைன்' தரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதற்கு மேல் எடுப்பது வீண். 'ஸ்டாண்டர்ட்' தரத்தில் மேல்கீழ் அடர்த்தி அதில் பாதி. சிறு எழுத்தும் அரபு எழுத்தின் புள்ளிகளும் ஒட்டிக்கொள்ளும்.

நீல மை முத்திரை மங்கலாக இருந்தால் கறுப்பு-வெள்ளையில் மாயமாக மறைந்துவிடும். ஸ்கேன் செய்த பின் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். தெரியவில்லை என்றால் ஸ்கேனரில் அழுத்தத்தைக் கூட்டுங்கள், அல்லது கறுப்பாக ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதை ஸ்கேன் செய்யுங்கள்.

தாள் அளவு கவனம். பல மென்பொருள்களில் 'லெட்டர்' என்ற அமெரிக்க அளவு முன்கூட்டியே இருக்கும். அதன் உயரம் 279 மில்லிமீட்டர். நம் ஏ4 தாள் 297. வித்தியாசம் 18 மில்லிமீட்டர். நோட்டரி முத்திரை உட்காரும் இடம் பெரும்பாலும் அந்த அடிப்பகுதிதான்!

தமிழ் எழுத்துரு மறுமுனையில் இல்லையே என்று சிலர் கவலைப்படுவதுண்டு. வேண்டாம். ஃபேக்ஸில் போவது எழுத்து அல்ல, எழுத்தின் படம். உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்தால் அங்கும் சரியாகவே தெரியும்.

அன்று எங்கள் வீட்டில், முதலில் பிராட்பேண்ட் மோடத்தை அணைத்தோம். மாடிப் போனையும் கீழ்ப் போனையும் கழற்றி, வெளியிலிருந்து வரும் வயரை நேராகக் கணினிக்குக் கொடுத்தோம். வேகத்தை 9,600 ஆக்கி, இ.சி.எம். குறியை இட்டு, இரண்டாம் பக்கத்தைக் கறுப்பு-வெள்ளையில் மறுபடி ஸ்கேன் செய்தோம். கைப்பேசியில் தம்மாமுக்குப் பேசி, இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஆளை நிறுத்தச் சொன்னோம். அனுப்பியது அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான். முதல் பக்கம்தான் ஏற்கெனவே போய்விட்டதே. மணி, பீப், நீண்ட ஒலி, பிறகு அந்தக் கரகரப்பு. ஒன்றரை நிமிடம் யாரும் மூச்சுவிடவில்லை. கைப்பேசியில் மறுமுனைக்காரர், "முத்திரை தெரிகிறது, நோட்டரி பெயர்கூடப் படிக்க முடிகிறது" என்றார். அடுத்த நாள் அஸருக்குப் பிறகு அடக்கம் நடந்தது.

இவ்வளவும் செய்தும் போகவில்லை என்றால், அதே எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பாமல் வேறோர் எண்ணுக்கு ஒரு சோதனைப் பக்கம் அனுப்பிப் பாருங்கள். உள்ளூரில் ஃபேக்ஸ் இயந்திரம் வைத்திருக்கும் கடைக்காரர் யாராவது இருப்பார். அங்கே போய்ச் சேர்ந்தால் நம் வீடு சரி. வெளிநாட்டு வழித்தடமோ மறுமுனையோ காரணம். உள்ளூருக்கும் போகாவிட்டால் வயரையும் மோடத்தையும் பாருங்கள். சாதாரணப் போனைக் காதில் வைத்து ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நின்று அமைதியாகும். அந்த அமைதியில் கரகரப்போ பக்கத்து இணைப்பின் பேச்சோ கேட்டால் தொலைபேசி அலுவலகத்தில் புகார் கொடுக்கவேண்டியதுதான். மழைக்காலத்தில் இது அதிகம்.

அனுப்பி முடித்தபின் மென்பொருள் தரும் ஒப்புதல் அறிக்கையைச் சேமித்துவையுங்கள். அதில் மறுமுனை இயந்திரம் தன்னைப் பற்றிச் சொன்ன எண் இருக்கும். நாம் அழைத்த எண்ணும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். ஓர் இலக்கம் மாறினால் நம் பாஸ்போர்ட் நகல் யார் கையிலோ இருக்கும். உங்கள் மென்பொருளிலும் அனுப்புநர் விவரத்தில் உங்கள் எண்ணை நாட்டுக் குறியீடு 91 சேர்த்துப் பதிந்துவையுங்கள். பக்கம் தெளிவில்லை என்றால் அவர்கள் கூப்பிடுவது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.